தெப்பப் படகின் சுவிட்ச்

எங்கள் கோயில் குளத்துக்கென்று லாரியில் படகு வந்து இறங்கிய அன்று நான் செவிலிமேட்டில் ஒரு புது வீட்டுக்கு மீட்டர் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். வழியில் எதைப் பார்த்தாலும் உடனே எனக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏ, ராஜ வீதில போட்டு போவுதும்மா. நெஜப் போட்டு. பின்னாடி நாலு பஸ்ஸு நிக்குது."

"வெயில்ல சுத்தாதய்யா. தண்ணி குடி" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது உண்மைதான். கோயில் பெயர் வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் கோயில் அது. வருடத்துக்கு ஒரு சாயங்காலம் சாமி தெப்பத்தில் ஏறி குளத்தை ஐந்து சுற்று சுற்றி வருவார். முன்பெல்லாம் காலி எண்ணெய் டிரம்களைக் கட்டி மேலே பலகை போட்டுத் தெப்பம் செய்வார்கள். அதற்கு முந்தின வருடம் ஒரு டிரம் ஓட்டையாகி, சாமி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே மூன்று சுற்று வந்தார். ஊரே பதறிப் போனது. அதனால் விழாக் குழு ஒரு முடிவு எடுத்தது. கடற்கரைப் பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்துவிட்டார்கள். அதன் மேல் மூங்கில் மண்டபம் கட்டினால் தெப்பம் ஆயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெப்பத்தில் யார் ஏறலாம் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. குருக்கள், நாதஸ்வரக்காரர்கள், விழாக் குழுவில் நாலு பேர், அவ்வளவுதான். எங்கள் தெருவுக்கு வடம். கரையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பது எங்கள் ஆட்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊரார் வயலில் கூலி வேலைதான். இப்போது எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறார், வெல்டர் இருக்கிறார், பத்திரம் எழுதுகிறவர் இருக்கிறார், ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த நான் இருக்கிறேன். ஆனால் தெப்பத்தன்று நாங்கள் எல்லோரும் வடம்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஏம்பா, நம்ம மேல ஏறக் கூடாதா?"

"நம்ம இழுத்தாதான்மா அது நவுரும்" என்றார் அப்பா.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு வருடம் கூடத் தவறாமல், துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வடக்குக் கரையில் முதல் ஆளாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

படகு வந்த மூன்றாம் நாள் எனக்கு ஆள் வந்தது. வழக்கமாகக் கோயிலுக்கு லைட் போடுகிறவர் படகைப் பார்த்துவிட்டு, "இது வூட்டு லைன் இல்ல, எனக்குத் தெரியாத லைனு" என்று கையைக் கழுவிவிட்டாராம். விழாக் குழுவின் தலைவர் ஒரு நெசவுக்காரப் பெரியவர். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைப் போலவே காஞ்சிபுரத் தமிழ். அவர் தறிக்கு மேலே நான்தான் லைட் மாற்றிக் கொடுத்திருந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேல் நிழல் விழாமல் விளக்கைத் தொங்கவிட எனக்கு அரை நாள் பிடித்தது. பொறுமையில்லாத நான் அவ்வளவு பொறுமையாக வேலை செய்தது அந்த ஒரு தடவைதான். அதை வைத்து அவர் என்னைப் பற்றித் தப்பாக ஒரு நல்ல எண்ணம் வைத்துவிட்டார்.

படகு அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. ஏறிப் பார்த்தேன். ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பலகை, அதில் சுவிட்சுகள். ஒன்று உடைந்திருந்தது, ஒன்று துருப்பிடித்து உதிர்ந்தது. மெயின் சுவிட்ச் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. ஓரங்களில் விளக்கு மாட்டும் ஹோல்டர்கள் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தன. எல்லாம் உப்புத் தண்ணீர் செய்த வேலை. ஒயர்கள் மட்டும் கெட்டியாக இருந்தன. ஆனால் நிறம்தான் குழப்பியது. சிவப்பு சரி. திரும்பி வரும் ஒயர் கருப்பாக இருக்க வேண்டாமோ, இதில் மஞ்சள்! வீடுகளுக்கு ஒயர் இழுக்கும் வேலையில் மஞ்சள் என்றால் கரண்ட் ஓடும் ஒயர், தொட்டால் ஆள் காலி. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், மினுக்கக்கூட இல்லை. படகில் பேட்டரியே இல்லை, இருந்தாலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு டெஸ்டர் எங்கே எரியும்? அது எனக்கு உறைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு ஒயரை வெட்டி முனையைச் சீவினேன். உள்ளே இழைகள் வெள்ளையாக இருந்தன. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"ஐயா, உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. செம்பு இல்ல, அலுமினியம். இத்தன ஒயரையும் உருவிப் போட்டுட்டு புதுசா இழுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மேற்கொண்டு இரண்டு ஒயரை வெட்டித் தூக்கிப் போட்டேன்.

பெரியவர் குனிந்தார். கீழே விழுந்த துண்டை எடுத்தார். ஒரே ஒரு இழையைப் பிரித்தார். அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, செங்கல்லில் மெல்லத் தேய்த்தார். எங்கள் ஊரில் யார் சரிகையைக் கையில் எடுத்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மேலே இருக்கும் வெள்ளி தேய்ந்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். வேறு நிறம் தெரிந்தால் போலி. அவர் இழையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"யம்மா, வெட்டாத! உள்ள செவப்பு இருக்குது. இது அசல்."

"ஐயா, இது சரிகை இல்லங்க, ஒயரு."

"எதுவா இருந்தா இன்னா? உள்ள செவப்பா இருக்குதா, அது அசல்தான்."

அவர் அதை வெள்ளி என்றே முடிவு கட்டிவிட்டார். நான் வெட்டிப் போட்ட துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, துண்டில் முடிந்து, மடியில் செருகிக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் தெருவெல்லாம் செய்தி: படகு முழுக்க வெள்ளிக் கம்பி. எதிர்வீட்டு அம்மா வந்து, "கொலுசு செய்ய ஆவுமா?" என்று கேட்டார். நான் அதற்குள் இன்னொரு இழையை எடுத்து மறைவாகச் சுரண்டிப் பார்த்துவிட்டேன். மேலே ஈயப் பூச்சு, உள்ளே நயமான செம்பு. உப்புத் தண்ணீரில் பச்சை பூத்து அரித்துப் போகாமல் இருக்க ஒவ்வொரு இழைக்கும் பூச்சு போட்டிருக்கிறார்கள். நான் பத்து வருடமாகத் தொட்ட ஒயர்களில் இவ்வளவு நல்ல ஒயரைத் தொட்டதில்லை. அதைத்தான் அலுமினியம் என்று உருவி எறியப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. பெரியவரிடம் போய் வெள்ளி இல்லை, ஆனால் வெட்டவும் மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். முதல் பாதியை அவர் நம்பவில்லை.

ஆக, ஒயர் அப்படியே இருக்கட்டும், அதற்குப் பொருந்துகிற மாதிரி ஹோல்டரும் சுவிட்சும் தேடினால் போதும் என்று ஆனது. போதும் என்று சொல்வது சுலபம். ஒரு பழைய ஹோல்டரைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஊரில் இருக்கும் எலக்ட்ரிக்கல் கடை அத்தனையும் ஏறி இறங்கினேன்.

"எதுக்குமா இது?"

"போட்டுக்கு."

"எந்தப் போட்டு?"

"தெப்பம்."

"தெப்பத்துக்கு சீரியல் செட்டு தர்றேன், எடுத்துக்கினு போம்மா."

எல்லாக் கடையிலும் இதே பேச்சு. வீட்டு ஹோல்டர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும், கொக்கி மாட்டும் இடம் கொஞ்சம் தள்ளி இருந்தது. அப்படியே மாட்டினாலும் வீட்டு பல்பு பன்னிரண்டு வோல்ட்டில் கண்ணைத் திறக்காது. வீட்டுக்கு வந்து ஹோல்டரைச் சமையலறை மேடையில் வீசிவிட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"இது என் ஆட்டோ இண்டிகேட்டர் ஹோல்டர் மாதிரியே இருக்குதே."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆட்டோ, லாரி, டிராக்டர் எல்லாமே பேட்டரியில் ஓடுகிறவைதானே. படகுச் சாமான் கிடைக்காத ஊரில் லாரிச் சாமான் குவிந்து கிடக்கிறது. மறுநாள் இரண்டு பேரும் லாரி எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனோம். ஹோல்டர் அப்படியே பொருந்தியது. டிராக்டரின் ஃபியூஸ் பெட்டி பழைய திருகு ஓட்டையிலேயே உட்கார்ந்தது. லாரி பக்கவாட்டில் எரியும் மஞ்சள், சிவப்பு விளக்குகள் படகின் ஓரங்களுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தன.

விழாக் குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "சாமிக்குப் போயி லாரி லைட்டா?"

"ஏன்ணா, லாரிக்காரன் நெத்தில விபூதி பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டிக்கினுதான வண்டி எடுக்கறான்? அவன் லைட்டு மட்டும் சாமிக்கு ஆவாதா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அப்படித்தான், நான் சண்டைக்கு வாயைத் திறப்பதற்குள் சிரிக்க வைத்து முடித்துவிடுவார்.

மிச்சம் இருந்தது அந்த மெயின் சுவிட்ச் ஓட்டை. பழைய சுவிட்சின் உடைந்த துண்டு கிடைத்ததில், அது அமுக்குகிற வகை என்று தெரிந்தது. ஓட்டை சின்னது. எனக்கு அன்று திருமுக்கூடல் பக்கம் ஒரு மோட்டார் வேலை இருந்தது. ஓட்டையின் அளவைக் காகிதத்தில் வரைந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "இந்த ஓட்டைல டைட்டா உக்காரணும். அமுக்கினா எரியணும். வேற எதுவும் எனக்கு வாணாம்" என்றேன். இந்த வார்த்தைகளை அவர் பிறகு எனக்கு எத்தனையோ முறை திருப்பிச் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

தெப்பத்துக்கு முந்தின நாள் ஆட்டோ பேட்டரியைக் கழற்றி வந்து சோதித்தோம். அவர் சுவிட்ச் பக்கம், நான் படகின் முனையில்.

"எரியுதா?"

"எரியுது!" என்று கத்தினேன். இருபத்துச் சொச்சம் விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. பெரியவர் "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சிக் கைதட்டினார். விளக்கு அணைந்தது. என் வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டார் என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றிக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் படகு குளத்தில் மிதந்தது. மூங்கில் மண்டபம், வாழை மரம், மல்லிகைச் சரம், பட்டுத் திரை என்று ஆளே மாறிப் போயிருந்தது. லாரி பேட்டரி ஏற்றியாயிற்று. நாலு கரையிலும் சனம். வடக்குக் கரையில் அப்பா கயிற்றைப் பிடித்து நின்றுவிட்டார். இன்னும் சாமி ஏறவில்லை. பெரியவர் பட்டு வேட்டியோடு படகில் ஏறி சுவிட்சை அமுக்கினார். குளமே பளிச்சென்றது. சனம் ஓவென்று கத்தியது. அவர் கையை எடுத்தார். இருட்டு.

மறுபடி அமுக்கினார், வெளிச்சம். விட்டார், இருட்டு.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "இன்னாய்யா வாங்கினு வந்த?"

"ஹாரன் பட்டன்" என்றார், மிகச் சாதாரணமாக. "அந்த ஓட்டைல அதான் டைட்டா உக்காந்துச்சி. அமுக்கினா எரியணும்னுதான சொன்ன? எரியுதே."

ஆட்டோக்காரருக்குப் பட்டன் என்றால் அமுக்கினால் சத்தம் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பட்டனிடம் அவர் எதையும் எதிர்பார்த்ததில்லை. திட்ட வாயெடுத்தேன், பாதியில் சிரிப்பு வந்து தொலைத்தது. ஆனால் பயமும் வந்தது. எங்கள் தெருவிலிருந்து முதல்முதலாக ஒருத்தி தெப்பத்தில் கைவைத்தாள், விளக்கு எரியவில்லை என்றால், இனி யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். விழாக் குழுவில் அந்த முகம் சுளித்தவர் அதைச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

"யாராச்சும் அமுக்கிப் புடிச்சிக்கினே வந்தாத்தான் ஆவும்போல" என்றார் பெரியவர்.

குருக்களுக்கு இரண்டு கையிலும் வேலை. நாதஸ்வரக்காரரிடம் கேட்கவே முடியாது. முகம் சுளித்தவரே குனிந்து அமுக்கிப் பார்த்தார். மண்டபத்துக்குப் பின்னால், பழைய ஓட்டுநர் இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தால்தான் கை எட்டும். பட்டு வேட்டி கசங்க, விரல் வழுக்க, விளக்குகள் கண்ணடித்தன. கரையில் இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அவர் எழுந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அட, இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ, பின்னாடி அந்த ரெண்டு ஒய…"

அவர் காலை ஓங்கி மிதித்தேன். நல்ல மிதி. மறுநாளும் நொண்டினார்.

பட்டனுக்குப் பின்னால் வரும் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாக முறுக்கி, மேலே டேப் சுற்றினால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. யாரும் எதையும் பிடிக்கத் தேவையில்லை. எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம் இது. இடுக்கியும் டேப்பும் என் கைப்பையில்தான் இருந்தன. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

"ஐயா, அது ஒரு பதத்துல புடிக்கணும். எனக்குத்தான் வரும்" என்றேன். குரல் நடுங்காமல் வந்தது எனக்கே ஆச்சரியம்.

முகம் சுளித்தவர் பெரியவரைப் பார்த்தார், பெரியவர் குருக்களைப் பார்த்தார்.

"நேரமாகுது. வேலை தெரிஞ்சவங்க ஏறட்டும்" என்றார் குருக்கள், பூக்கூடையைத் தூக்கிக்கொண்டே.

செருப்பைக் கழற்றிப் படியில் விட்டேன். ஏறினேன். சாமியை மண்டபத்தில் ஏற்றியதும், அவருக்குப் பின்னால் அந்த இருக்கையில் உட்கார்ந்து, பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினேன். வெளிச்சம் வந்தது. நாதஸ்வரம் எழுந்தது. படகு அசைந்தது. இவ்வளவு வருடம் கரையிலிருந்து பார்த்ததை முதல்முதலாகத் தண்ணீரிலிருந்து பார்த்தேன். கரையில் நிற்கிற முகங்கள் எல்லாம் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. சாமியைத்தான் கும்பிட்டார்கள், தெரியும். என்றாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடக்குக் கரையை நெருங்கியபோது அப்பா என்னைப் பார்த்தார். யாரோ என்று முதலில் பார்த்தார். பிறகு புரிந்து, கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. முதல் ஆள் நின்றதில் பின்னால் இருந்தவர்கள் அவர் மேல் வந்து மோதினார்கள். "இன்னா பெரிப்பா, இழு!" என்று சத்தம். படகு லேசாகக் குலுங்கியது. அப்பா துண்டால் முகத்தை ஒரு துடைப்பு துடைத்துக்கொண்டு, இழுத்தார் பாருங்கள், அந்த வயதில் அப்படி ஒரு இழுப்பு. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கரையில் மட்டும் படகு வேகமாகப் போனது.

மூன்றாம் சுற்றில் கட்டைவிரல் மரத்துவிட்டது. கையை மாற்றினேன். நாலாவது சுற்று முடிகிறபோது பெரியவர் மண்டபத்தைச் சுற்றி வந்து என் பக்கத்தில் குந்தினார். பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைப் பிணைத்துப் பிணைத்தே வாழ்நாளைக் கழித்தவர்.

"ஏம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "இந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு பிணைச்சி விட்டுட்டா நீ கைய எடுத்துடலாம் இல்ல?"

இந்த மனிதரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எடுத்துடலாம்ங்கய்யா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வடக்குக் கரைப் பக்கம் திரும்பி, கயிற்றோடு காத்து நின்ற அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முட்டியில் கையூன்றி எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டார்.

"இன்னும் ஒரு சுத்து இருக்குது. வுட்டுடாத, நல்லா அமுக்கிப் புடி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.